முதல் வாதி: ஏரி

அன்று காலை ஏரிக்கரையில் நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் கழனி வைத்திருக்கிற பன்னிரண்டு ஆண்கள், என் அப்பா, நான். பன்னிரண்டு பேரும் கரைமேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கரைக்குக் கீழே மதகுக் கல்லில் நின்றிருந்தார். கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வராதவர்கள் என்று பார்த்தால், தங்கள் பெயரில் பட்டா வைத்திருக்கிற நான்கு பெண்கள் வரவில்லை, அவர்களை யாரும் கூப்பிடவில்லை. கடைமடையில் கழனி வைத்திருக்கிற பாய் வரவில்லை, டவுனில் அவர் இரும்புக்கடை திறக்கிற நேரம் அது. ஏரிக்கு வருகிற கால்வாயை மண்ணடித்துத் தூர்த்து, அதன் ஓரமாகத் தங்கும் விடுதி கட்டியவரும் வரவில்லை. அவர் பெங்களூரில் இருந்தார். அவரைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தோம்.

என் கையில் நான்கு பக்கத்துக்குத் தட்டச்சு செய்த வழக்கு மனு இருந்தது. நான் சட்டம் படித்து, டவுனில் ஒரு சீனியர் மேடத்திடம் ஜூனியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்தத் தொல்லைக்கும் எங்கேயோ ஒரு காகிதத்தில் வழி இருக்கும் என்று நம்புகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கரையில் நாலடி போவதும் திரும்புவதுமாக இருந்தேன்.

“டேய் வக்கீலு, ஒரு எடத்துல நில்லுடா. ஒன்னப் பாத்துப் பாத்து எங்க கழுத்து வலிக்குது” என்றார் தலைமடைக்காரர். மதகைத் தாண்டியதும் முதல் கழனி அவருடையது. ஊரில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலையின் மேற்குச் சரிவில் பெய்கிற மழை கிரிவலப் பாதையைக் கடந்து, அடி அண்ணாமலைக்குப் பின்பக்கமாக ஒரு வரத்துக்கால் வழியே எங்கள் ஏரிக்கு வரும். அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் குறைவில்லை. செங்கம் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஆனால் ஏரி பாதிகூட நிறையவில்லை. விடுதிக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்காக வரத்துக்காலைத் தூர்த்துச் சமமாக்கியிருந்தார்கள். பௌர்ணமி அன்று போய்ப் பார்த்தால், தண்ணீர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கும்.

மனுவை முழுதும் படித்துக் காட்டினேன். முடித்ததும் தலைமடைக்காரர் கேட்டார்.

“எல்லாம் கரெக்ட்டு. ஏரிய மனுஷன்னு போட்டிருக்கியே, அது இன்னாடா?”

அதைத்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். கோயில் சாமி சட்டப்படி ஒரு நபர். சாமி பேரில் நிலம் இருக்கும், சாமி கேஸ் போடும், கேஸில் ஜெயிக்கும். சட்டத்தின் கண்ணுக்குச் சாமி எந்நாளும் மைனர், அதனால் சாமிக்காக வேறொருவர் கையெழுத்துப் போடுவார். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடல் தாண்டி ஒரு தேசத்தில் ஓர் ஆற்றையே இப்படி நபர் என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றோடு கிடந்த பூர்வகுடிகளின் ஆள் ஒருவரும் அரசின் ஆள் ஒருவரும் அதற்கு வாயாக இருக்கிறார்கள். நம் நாட்டிலும் வடக்கே ஒரு கோர்ட் ஆறுகளை அப்படிச் சொன்னது, மேல் கோர்ட் அதை நிறுத்திவைத்தது. இதையெல்லாம் கல்லூரி நூலகத்தில் படித்தபோது எனக்கு உடம்பு கொதித்தது. ஆற்றுக்கு ஆகுமென்றால் ஏரிக்கு ஏன் ஆகாது? கரையில் நின்று இதைச் சொல்லி முடித்தேன்.

“அப்போ ஏரிக்கு ஆதார் கார்டு எடுக்கணுமா?” என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

“பொம்பளைனு எழுதுடா. மாசம் ஆயிரம் ரூபா வரும்” என்றார் தலைமடைக்காரர்.

கரை முழுக்கச் சிரிப்பு. கீழே அப்பாகூடத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சிரிங்க. ஆனா கையெழுத்து வேணும்” என்றேன். “ஏரி மொத வாதி. கூட ஆயக்கட்டுக்காரங்க நாலு பேர் வாதியா நிக்கணும்.”

சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவர் பீடியைத் தேடினார். இன்னொருவருக்குப் பால் சொசைட்டி ஞாபகம் வந்தது. பத்து நிமிடத்தில் துண்டுகள் உதறப்பட்டு, கரை காலியாகிவிட்டது. கடைசியாக எழுந்த தலைமடைக்காரர் மட்டும் நேராகப் பேசினார்.

“கேஸ்னு போனா சர்வேயர் வருவான். வரத்துக்கால மட்டும் அளப்பானா? ஏரியையும் அளப்பான். என் தென்னமரம் பத்தும் எங்க நிக்குது தெரியுமில்ல?”

தெரியும். ஏரி உள்வாயில் நின்றன. அவருடையது மட்டுமல்ல. தண்ணீர் பின்வாங்கின வருஷங்களில் ஆளுக்குக் கொஞ்சம் ஏரிக்குள் இறங்கியிருந்தார்கள். சிலர் வரப்பு போட்டிருந்தார்கள், சிலர் மாட்டுக்கொட்டகை. விடுதிக்காரர் செய்ததை இவர்கள் சில்லறையாகச் செய்திருந்தார்கள். ஏரியைத் தொடாதவர் அந்தக் கரையில் ஒரே ஆள்தான். அவருக்கு ஆயக்கட்டில் கைப்பிடி மண்கூடக் கிடையாது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நீர்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும், எந்தக் கழனிக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று முறைவிட்டுப் பாய்ச்சுவதும் அவர் வேலை. அவருக்கு முன்னால் அவர் அப்பா. அறுவடை முடிந்ததும் களத்தில் காணிக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கூலி. மதகின் திருகைத் திருப்புகிற இரும்புச் சாவி, முழங்கை நீளம் இருக்கும், எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். பள்ளியில் படிவம் நிரப்பும்போது ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் வாத்தியார் ‘கூலி’ என்று எழுதிவிடுவார். நீர்கட்டி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று லிஸ்ட்டில் இல்லை என்பார்.

நீர்கட்டிக்கு ஒரே ஒரு தகுதி. ஏரித் தண்ணீர் பாய்கிற கழனி எதுவும் அவன் பேரில் இருக்கக்கூடாது. கழனி இருப்பவன் கையில் சாவி இருந்தால் முதல் தண்ணீர் அவன் கழனிக்குத்தான் போகும் என்பது ஊர்க் கணக்கு. வருஷா வருஷம் மதகு திறக்கிற நாளில் சாவியைக் கழுவி மதகுக் கல்மேல் வைப்பார்கள். ஆயக்கட்டுக்காரர்களில் ஒருவர் “கழனி இல்லாதவன் எடு” என்று மூன்று முறை சொல்வார். மூன்றாவது முறைக்கு அப்பா குனிந்து எடுப்பார். சின்ன வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. படிக்கப் போன பிறகு கூசத் தொடங்கியது. எங்கள் தெருவில் யாருக்குமே அந்த ஆயக்கட்டில் நிலம் கிடையாது. நிலம் இல்லாதவன்தான் நியாயமாக இருப்பான் என்று சொல்வது, அவனுக்கு நிலம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதற்கு வசதியான பேச்சும்தானே? இந்த இரண்டு நினைப்பும் எனக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன. மனுவில் ஏரிக்கு வாயாக நீர்கட்டியை எழுதியபோது இரண்டுக்கும் சேர்த்து ஒரு முடிவு கட்டிவிட்டதாக நினைத்தேன்.

மேடம் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா எழுதியிருக்க. போட்டுப் பாரு, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா நம்பர் ஆகாது.”

ஆகவில்லை. வழக்கு எண் கொடுக்காமல் கோர்ட் அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்பியது. முதல் வாதியின் வயது, தகப்பனார் பெயர், முகவரி குறிப்பிடப்படவில்லை. ஏரி வாதியாக எப்படி நிலைக்கத்தக்கது என்று விளக்கவும். நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வயது என்ற இடத்தில் ‘என்றும் மைனர்’ என்று எழுதினேன். மறுபடி திரும்பியது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிற டீக்கடைக்கும் கோர்ட்டுக்கும் நடந்து நடந்து எனக்குச் செருப்பு தேய்ந்தது. மூன்றாவது முறை மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏரிய எடுத்துடு. ஒங்கப்பாவ வாதியா போடு.”

“சரிங்க மேடம். நீர்கட்டினு போட்டுடறேன்.”

“எதிர்த்தரப்பு மொத கேள்வி இன்னா கேப்பான்? இவருக்கு அந்தத் தண்ணியில இன்னா பாத்தியதைனு கேப்பான். இவரு கழனிக்குப் பாயுதா? கழனி எங்க? நீ இன்னா சொல்லுவ?”

“அவருக்குக் கழனி இல்லாததுதான் மேடம் அவரோட தகுதியே.”

“அது ஒங்க ஊர்ல. இங்க நஷ்டப்பட்டவன்தான் பேச முடியும். நஷ்டமே இல்லாதவன் எதுக்கு வந்தான்னு கேப்பாங்க. ஒரு அஞ்சு சென்ட்டு, பத்து சென்ட்டு ஆயக்கட்டுல அவரு பேர்ல இருந்தா சொல்லு, நாளைக்கே நம்பர் வாங்கித் தரேன்.”

அங்கிருந்து நேராகப் பாய் கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காராமல் பேசினேன். ஆணியை எடைபோட்டுக்கொண்டே கேட்டார். மூன்று தலைமுறையாக டவுனில் கடை, ஊரில் கடைமடைக் கழனி. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர் கழனிதான்.

“நீங்களே வாதியா நில்லுங்க பாய். ஏரிக்குள்ள ஒங்களுக்கு ஒரு அடிகூட இல்ல. ஒங்களத்தான் யாரும் கேள்வி கேக்க முடியாது.”

அவர் தராசைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். “என் பேரு போட்டா இது தண்ணி கேஸா இருக்காது தம்பி. மலையச் சுத்தற பாத, அதுக்குப் பக்கத்துல கால்வா, வாதி பேரு என் பேரு. ரெண்டே நாள்ல வாட்ஸப்புல வேற கேஸாயிடும். வேணாம்.” ஆணியைப் பொட்டலம் கட்டிவிட்டு அவரே சொன்னார்: “மேட்டோரமா பத்து சென்ட்டு இருக்குது. அதுக்குத் தண்ணி ஏறி நானே பாத்தது இல்ல. அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன். எனக்கு வெல ஒண்ணும் வேணாம். பத்திரச் செலவ மட்டும் நீங்க பாத்துக்கங்க.”

ஆயக்கட்டுக்காரர்களில் அப்பாவை அண்ணன் என்று சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “நெசமாவா? நம்ம பேர்லயா?” என்று இரண்டு முறை கேட்டாள். பத்திரச் செலவுக்கு மகளிர் குழுவில் கடன் வாங்குவதாக அவளே சொன்னாள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கேட்டார்.

“இதனால சாவிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

“ஒண்ணும் ஆவாது நைனா. இது கேஸுக்காக. பேப்பர்ல மட்டும்தான்.”

“நீ படிச்சவன். நீ சொன்னா சரி.”

எனக்கு அந்த விதி தெரியாமல் இல்லை. “கழனி இல்லாதவன் எடு” என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எழுதாத ஒன்று என்னை எதிர்த்து நிற்கும் என்று தோன்றவேயில்லை. ஏரியின் வழக்கத்தைக் கோர்ட் மதிக்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதியவன், அதே வழக்கத்தை ஐந்து பைசாவுக்கு மதிக்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

பத்திர ஆபீஸில் அப்பாவின் விரல் ரேகை மெஷினில் விழவில்லை. இரும்புச் சாவி தேய்த்த விரல்கள். துடைத்தார், ஊதினார், வேறு விரல் வைத்தார். “பெரியவரே, அழுத்தி வெய்ங்க” என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறாவது தடவை விழுந்தது. வெளியே வந்ததும் பாய் எங்களுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் நான் ஆசைப்பட்ட மாதிரியே நடந்தது. வழக்குக்கு நம்பர் கிடைத்தது. கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பி வரத்துக்காலைப் பார்க்க வைத்தது. கமிஷனர் கையில் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவில் நடந்தார். அப்பா அவருக்கு முன்னால் போய், மூடிய மண்ணின்மேல் காலால் கோடு கிழித்துக்கொண்டே, “இங்கத் திரும்பும், இங்க ஒரு பள்ளம் இருக்கும்” என்றார். வரைபடமும் அப்பாவின் காலும் ஒரே இடத்தில் திரும்பின. நான் பூரித்துப் போனேன். வழக்கு முடிகிறவரை தண்ணீர் போக வழி விடவேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. விடுதிக்காரர் கார் நிற்கிற இடத்துக்கு அடியில் பெரிய சிமென்ட் குழாய்கள் போட்டுக் கொடுத்தார். ஏரியை நபர் என்று கோர்ட் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை யாரும் எடுக்கவேயில்லை. பரவாயில்லை, தண்ணீர் வந்தால் போதும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆடியில் அம்மா பத்து சென்ட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டாள். மானாவாரிதான். விடிந்ததும் போய் நிற்பாள். களை இல்லாத இடத்திலும் களை எடுப்பாள். ஐப்பசியில் பிடுங்கியபோது தெரு முழுக்கக் கூப்பிட்டு அவித்துக் கொடுத்தாள். “எங்க கழனிது, எங்க கழனிது” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள்.

மழை அந்த வருஷமும் நன்றாகப் பெய்தது. தீபத்துக்கு டவுன் திணறிக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் ஏரி கோடி போனது. உபரித் தண்ணீர் கலங்கல் வழிந்து ஓடுவதை வீடியோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்.

மார்கழியில் மதகு திறக்கிற நாள் வந்தது. அப்பா விடியலிலேயே சாவியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மதகுக் கல்மேல் வைத்தார். அன்றைக்கு வந்தவர்கள் அதிகம். நான்கு பெண்களையும் நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தேன். தலைமடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“கழனி இல்லாதவன் எடு.”

அப்பா கைகட்டி நின்றார்.

“கழனி இல்லாதவன் எடு.”

மூன்றாவது முறை சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. அப்பா குனியவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நைனா, எடு” என்றேன்.

“எப்படிடா எடுக்கறது?” என்றார் அப்பா. “என் பேர்ல கழனி இருக்குதே.”

நான் எல்லோரையும் பார்த்துப் பேசத் தொடங்கினேன். அது கேஸுக்காக வாங்கியது, தண்ணீரே ஏறாத மேடு, இந்தத் தண்ணீர் வந்ததே அந்தப் பத்து சென்ட்டால்தான் என்றெல்லாம் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவர் மட்டும், “இன்னிக்குப் பத்து சென்ட்டுக்கு விட்டா, நாளைக்குப் பத்துக் காணிக்காரன் கேப்பான்” என்றார். அவரும் கோபமாகச் சொல்லவில்லை.

தலைமடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏரிய மனுஷனாக்கறேன்னு போனான். அவன் அப்பன ஆயக்கட்டுக்காரனாக்கிட்டு வந்துட்டான்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அன்று மதியமே அப்பாவை இழுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். நிலத்தைப் பாய்க்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“குடுத்துட்டு? வாதிக்கு நெலமில்லன்னா கேஸ் எதுல நிக்கும்? அடுத்த வாய்தாவுலயே அவங்க வக்கீலு அதச் சொல்லி உத்தரவ உடைப்பான். கொழாயப் பேத்து எடுக்க எத்தினி நேரம் ஆவும்?”

சாவி வேண்டுமென்றால் கேஸ் போகும், கேஸ் வேண்டுமென்றால் சாவி போகும். வேறு யாராவது வாதியாகச் சேர்ந்தால் அப்பா விலகலாம் என்றார் மேடம். யார் சேருவார்கள்? தென்னைமரங்கள் அதே இடத்தில்தான் நின்றன. திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு ஏரியிலும் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எல்லா நிறுத்தத்திலும் இறங்கிவிடலாமா என்று எழுந்தேன்.

எங்கள் தெருவில் நிலமில்லாத வாலிபர்கள் எல்லோரும் ஓசூர், ஒரகடம் என்று கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். கழனிக்காரன் மகனாகிவிட்ட நானும் எடுக்க முடியாது, சாவியை எடுக்க வேறு ஆளில்லை. அது மதகுக் கல்மேல் நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் யாரோ மதகைத் திறந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஆறாம் நாள் வேறொருவர் திறந்தார். முறை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. தலைமடையில் வரப்பு மூழ்கத் தண்ணீர் நின்றது. கடைமடையில் பெண்கள் குடத்தில் மொண்டு நாற்றங்காலுக்கு ஊற்றினார்கள். வாய்க்கால் மடையை உடைத்ததாக இரண்டு பங்காளிகள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். அப்பா தினமும் கரையில் நடப்பார். மதகுப் பக்கம் வந்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். தண்ணீர் வீணாக ஓடுகிற சத்தம் கேட்டு ஒருநாள் குனிந்தவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்துவிட்டதை நானே பார்த்தேன்.

“இது பங்குனி வரிக்கும் வந்திருக்க வேண்டிய தண்ணி” என்றார் என்னிடம். “மாசி தாண்டாது.”

தாண்டவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஏரி மதகின் அடிக்கல்லுக்குக் கீழே போய்விட்டது. இன்னும் இரண்டு தண்ணீர் கிடைத்திருந்தால் நெல். கிடைக்கவில்லை, பாதிக்குமேல் பதர். தலைமடைக்காரர் கழனியும் தப்பவில்லை.

பங்குனியில் ஒரு காலை அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசலுக்கு அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டாள். உட்காராமல் அப்பாவிடம் பேசினார்.

“யோவ், அந்தப் பத்து சென்ட்ட பாய்கிட்டயே குடுத்துடு. சாவிய எடு. நாங்க ஏழு பேரு கையெழுத்து போடறோம்.”

“சர்வேயர் வருவாரு” என்றேன்.

“வரட்டும். ஒங்க மேடம் இன்னா சொல்லுச்சு?”

“உள்ளப் புடிச்சத விட்டுட்டு வந்தாதான் வாதியா சேக்க முடியுமாம். இல்லன்னா எதிராளி அதையே புடிச்சிப்பான்.”

“அதான் வரட்டும்னு சொன்னேனில்ல. மரத்தப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது. போ, வேலயப் பாரு.” போகிறவர் திரும்பி நின்றார். “டேய் வக்கீலு. அடுத்த தடவ எத எழுதனாலும் ஒங்கப்பன ஒரு வார்த்த கேட்டுட்டு எழுது.”

அம்மா நாற்காலியை மடக்கி உள்ளே எடுத்துப் போனாள். மறுநாள் சோறு போடும்போது கேட்டாள்.

“அவங்கல்லாம் கழனிய வெச்சிக்கினே கேஸ் போடலாம். நாம மட்டும் இல்லாதவங்களாவே இருந்தாதான் ஏரி நல்லா இருக்குமா?”

அதற்குப் பதில் சட்டத்திலும் இல்லை, வழக்கத்திலும் இல்லை. அப்பாதான் பேசினார். “நான் தண்ணி விடணும்டி. எனக்கு வேற இன்னா தெரியும்?” அவர் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சித்திரை வெயிலில் சர்வேயர் சங்கிலி பிடித்தார். வாதியாகச் சேர்வதாக ஒப்புக்கொண்ட ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள். அப்பா முன்னால் நடந்து பழைய நீர்க்கோட்டைக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் கல் நட்டார்கள். தலைமடைக்காரர் மரத்துக்கு ஒன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார், வாய் மட்டும் சர்வேயரைத் திட்டிக்கொண்டிருந்தது. வைகாசியில் ஏழு பேரும் வாதிகளாகச் சேர்ந்தார்கள். அப்பாவின் பெயரை நீக்க நானே மனு எழுதினேன். கைநாட்டுக்கு நீட்டும்போது ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பாய், பத்து சென்ட்டைத் திரும்ப வாங்க மனசில்லாமல், பத்திர ஆபீஸ் வாசலில் ரொம்ப நேரம் நின்றார். ரேகை இந்த முறை ஒன்பதாவது தடவைதான் விழுந்தது.

சாவி இன்னும் அப்பா கைக்கு வரவில்லை. மதகு திறக்கிற நாளில்தான் எடுக்க முடியும், அதற்கு மழை வர வேண்டும். வழக்கு வாய்தாவில் இருக்கிறது. குழாய்களில் மண் சேராமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை நான் போய் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அம்மா அந்த மேட்டுப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு வேறு வழியில் வேலைக்குப் போகிறாள்.

இதுவரை ஆன செலவைச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் ஏரிக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு ஏக்கர் அறுபத்து நான்கு சென்ட், அதில் காய்க்கிற தென்னை பத்து. இரண்டு முறை பத்திரம் பதிந்ததில் முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய். எங்கள் வீட்டிலிருந்து போனது பத்து சென்ட்.